பிளாக் டயகிராம் சுருக்குவது எப்படி? பாமணியாற்றுக் கரை மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மன்னார்குடியில் மாலை நேரத்தில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் (கட்டுப்பாட்டு அமைப்புகள்) பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அரியர் வைத்தவர்கள். நீடாமங்கலம், வடுவூர், திருத்துறைப்பூண்டி என்று பஸ் பிடித்து வருவார்கள். ஆண்டுதோறும் முகம் மாறுகிறது, கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். சுருக்குவது என்றால், பல கட்டங்கள் உள்ள படத்தை அதே விடை தரும் ஒற்றைக் கட்டமாக்குவது. படம் போட்டுக் காட்ட இங்கே வழியில்லை. ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல வரைந்துகொள்ளுங்கள்.

குறியீடுகள்: உள்ளே வருவது ஆர், வெளியே போவது சி. முன்னோக்கிப் போகும் பாதையில் இருக்கும் கட்டங்கள் ஜி1, ஜி2, ஜி3. திரும்பி வரும் பாதையில் இருப்பவை எச்1, எச்2. லாப்லாஸ் மாறி எஸ் (நேரத்தோடு மாறும் கணக்கைச் சாதாரணப் பெருக்கல், வகுத்தலாக்க உதவும் எழுத்து).

பிளாக் டயகிராம் என்றால் என்ன? மெஷினின் படமா?

மெஷினின் படம் என்று நினைப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. அது சமன்பாடுகளின் படம். ஒரு கட்டம் வரைந்து உள்ளே ஜி என்று எழுதினால், ‘உள்ளே வரும் எண்ணை ஜி-யால் பெருக்கி வெளியே அனுப்பு’ என்று பொருள். வட்டம் போட்டால் கூட்டு அல்லது கழி. இதை சம்மிங் பாயிண்ட் என்பார்கள், நான் கூட்டுப்புள்ளி என்பேன். கோட்டில் ஒரு புள்ளி வைத்து இன்னொரு கோடு இழுத்தால், ‘இதே எண்ணை அங்கேயும் கொடு’ என்று பொருள். இது டேக்-ஆஃப் பாயிண்ட், நமக்குக் கிளைப்புள்ளி. படத்தில் இருப்பது இந்த மூன்றும்தான்.

சமன்பாட்டை நேராகவே எழுதலாமே, படம் எதற்கு என்று கேட்பீர்கள். எழுதலாம், நானே பல நேரம் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பத்துச் சமன்பாட்டை வரிசையாக எழுதி வைத்தால் எது எதைத் திருப்பித் தொடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. படத்தில் தெரியும்.

கிளைப்புள்ளியில் சிக்னல் இரண்டாகப் பிரியும்போது பாதி பாதியாகுமா?

ஆகாது. வேறு ஊர்ப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளை இந்தக் கேள்வி அதிகமாகப் படுத்துகிறது என்பது என் கணிப்பு. காரணம் நம் ஆறுகள்.

நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பதெல்லாம் பிரிகிற தண்ணீர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. அந்த வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்ததும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் வயல் மடை. ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். அதற்காகத்தானே ராத்திரியில் மண்வெட்டியோடு போய் மடையில் உட்கார்கிறோம்! இந்தக் கண்ணோடு கிளைப்புள்ளியைப் பார்த்தால் ‘100 வந்தது, இரண்டு கோடு போகிறது, ஆளுக்கு 50’ என்று கை தானாக எழுதிவிடுகிறது.

ஒழுங்கியில் (ரெகுலேட்டரில்) ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கரை நினைத்துப் பாருங்கள். அளவுகோலைப் பார்த்து ‘நாலரை அடி’ என்று ஆபீசுக்குப் போனில் சொல்கிறார். அதையே கீழ் ஒழுங்கிக்கும் சொல்கிறார். டீக்கடையில் யாராவது கேட்டால் அவருக்கும் அதையே சொல்கிறார். மூன்று பேருக்குச் சொன்னதால் ஆளுக்கு ஒன்றரை அடி ஆகிவிடவில்லை. பிளாக் டயகிராமின் கோட்டில் ஓடுவது இந்தச் சேதிதான். சேதி எத்தனை கிளை போனாலும் குறையாது.

உண்மையிலேயே தண்ணீர் பிரிவதைத்தான் வரைய வேண்டும் என்றால்? அதற்கும் வழி உண்டு. கணக்குக்காக மூணாறு தலைப்புக்கு 100 கன அடி வருகிறது, 50, 30, 20 என்று பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளைப்புள்ளி போட்டு மூன்று கோடு இழுங்கள். மூன்றிலும் 100 என்ற சேதி போகும். முதல் கோட்டில் 0.5, அடுத்ததில் 0.3, மூன்றாவதில் 0.2 என்று கட்டம் போடுங்கள். பங்கு போடுவது கட்டத்தின் வேலை. புள்ளி எதையும் பங்கு போடாது.

மொத்தம் எத்தனை விதிகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

சில புத்தகங்களில் பத்துப் பன்னிரண்டு விதிகளுக்கு அட்டவணை போட்டிருப்பார்கள். மனதில் நிற்க வேண்டியவை மூன்று, மற்றதெல்லாம் அந்த இடத்திலேயே யோசித்து எடுக்கலாம்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டங்கள் இருந்தால் பெருக்கு: ஜி1·ஜி2. ஒரே எண்ணை இரண்டு கட்டங்களுக்குக் கொடுத்து, வருவதை ஒரு கூட்டுப்புள்ளியில் சேர்த்தால் கூட்டு: ஜி1 + ஜி2. கூட்டுப்புள்ளியில் மைனஸ் குறி இருந்தால் அந்தக் குறியோடு கூட்டு.

மூன்றாவது ஃபீட்பேக், அதாவது வெளியே போகும் சி-யை எச் என்ற கட்டம் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து, ஜி-க்கு முன்னால் உள்ள கூட்டுப்புள்ளியில் ஆர்-இலிருந்து கழிப்பது. இதை மட்டும் ஒரு முறை கைப்பட வருவித்துப் பார்த்துவிடுங்கள். கூட்டுப்புள்ளிக்குப் பிறகு வருவதைப் பிழை என்போம்.

பிழை = ஆர் − எச்·சி
சி = ஜி·பிழை = ஜி·ஆர் − ஜி·எச்·சி

சி உள்ளதையெல்லாம் ஒரு பக்கம் கொண்டுவந்தால் சி·(1 + ஜி·எச்) = ஜி·ஆர். ஆகவே சி/ஆர் = ஜி / (1 + ஜி·எச்). திரும்பி வருவது கூட்டுப்புள்ளியில் பிளஸ் குறியோடு சேர்ந்தால் கீழே 1 − ஜி·எச். படத்தில் இருக்கும் குறி கீழே தலைகீழாக வரும். ‘ஏன் சார் மாறுது?’ என்று கேட்பவர்கள் எல்லாருமே மேலே உள்ள இரண்டு வரியை எழுதிப் பார்க்காதவர்கள்.

புள்ளியைக் கட்டம் தாண்டி நகர்த்தும்போது பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா? எப்போதும் குழம்புகிறது.

நான்கு நிலைகளுக்கு நான்கு விதி என்று மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் கட்டாயம் குழம்பும். ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நகர்த்துவதற்கு முன் அந்தக் கோட்டுக்குக் கிடைத்தது என்ன, நகர்த்திய பின் கிடைப்பது என்ன? வித்தியாசத்தை ஒரு கட்டம் போட்டு ஈடுகட்டுங்கள். நீங்கள் கை வைக்காத எந்தக் கோட்டிலும் மதிப்பு மாறக் கூடாது. முறைப் பாசனத்தில் ஒருத்தர் மடையை மாற்றி வெட்டினால் அடுத்தவர் வயலுக்கு வருவது மாறக் கூடாது என்று சண்டை போடுவோமே, அதே நியாயம்.

போட்டுப் பார்ப்போம். ஜி என்ற கட்டத்துக்கு முன்னால் ஒரு கிளைப்புள்ளி. அங்கே உள்ள எண் 5, ஜி-யின் மதிப்பு 4. கிளைக்கு 5 கிடைத்துக்கொண்டிருந்தது. புள்ளியைக் கட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோனால் கிளைக்கு 20 வரும். பழைய 5 வேண்டும் என்றால் கிளையில் 1/ஜி போட வேண்டும். பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தால் இதற்கு நேர் எதிர்: கிளைக்கு 20 கிடைத்தது, இப்போது 5 தான் வருகிறது, ஆகவே கிளையில் ஜி.

கூட்டுப்புள்ளியில் கதை கொஞ்சம் மாறும். கட்டத்துக்கு முன்னால் கூட்டினால், கூட்டப்பட்டதும் சேர்ந்து ஜி-யால் பெருகும். கூட்டுப்புள்ளியைக் கட்டத்துக்குப் பின்னால் நகர்த்தினால் அந்தப் பெருக்கல் நின்றுபோகும். ஆகவே கூட்ட வரும் கோட்டில் ஜி போட்டு ஈடுகட்டு. பின்னாலிருந்து முன்னால் நகர்த்தினால் தேவையில்லாத ஒரு பெருக்கல் சேர்ந்துவிடும், ஆகவே 1/ஜி.

இந்த 1/ஜி காகிதத்தில் மட்டும்தான் உண்டு. ஜி என்பது 1/எஸ் ஆக இருந்தால், அதாவது தொட்டியில் தண்ணீர் சேர்வது போல் சேர்த்துக்கொண்டே போகும் கட்டம் என்றால், 1/ஜி வெறும் எஸ் ஆகிவிடும். அது சுத்தமான டிஃபரன்ஷியேட்டர். அப்படி ஒரு சாதனத்தை ஒழுங்காகச் செய்ய முடியாது, துளி இரைச்சல் இருந்தாலும் அதைப் பெரிதாக்கிக் காட்டும். கணக்கில் கடைசியில் அது அடிபட்டுப் போய்விடும் என்பதால் கவலையில்லை. நகர்த்திய படத்தை வைத்துக்கொண்டு சர்க்யூட் கட்டக் கிளம்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

இதோ. இடமிருந்து வலமாக வரையுங்கள்: ஆர், முதல் கூட்டுப்புள்ளி, ஜி1, இரண்டாம் கூட்டுப்புள்ளி, ஜி2, ஒரு கிளைப்புள்ளி (‘அ’ என்று பெயர் வையுங்கள்), ஜி3, கடைசியில் சி. ‘அ’-விலிருந்து எச்1 வழியாக முதல் கூட்டுப்புள்ளிக்கு மைனஸ் குறியோடு ஒரு கோடு. சி-யிலிருந்து எச்2 வழியாக இரண்டாம் கூட்டுப்புள்ளிக்கு மைனஸ் குறியோடு இன்னொரு கோடு.

இரண்டு லூப்புகளும் (லூப் என்றால் முன்னே போய்த் திரும்பி வந்து சேரும் சுற்று) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன பாருங்கள். ஒன்று மற்றொன்றுக்குள் முழுதாக அடங்கவில்லை. ஃபீட்பேக் விதியை நேரடியாக எங்கேயும் வைக்க முடியாது. சிக்கலை அவிழ்க்க ஏதாவது ஒரு புள்ளியை நகர்த்தியாக வேண்டும்.

‘அ’-வை ஜி3 தாண்டி வலப்பக்கம் நகர்த்துவோம். கிளைக்கு இப்போது ஜி3 மடங்கு அதிகமாகக் கிடைக்கும், ஆகவே எச்1 இனிமேல் எச்1/ஜி3. இப்போது ஜி2, ஜி3 இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன. பெருக்கினால் ஜி2·ஜி3. அதைச் சுற்றி எச்2 லூப். ஃபீட்பேக் விதிப்படி:

ஜி2·ஜி3 / (1 + ஜி2·ஜி3·எச்2)

முன்னால் நிற்கும் ஜி1-ஐ இதோடு பெருக்கி, வெளிலூப்பில் எச்1/ஜி3-ஐ வைத்து இன்னொரு முறை ஃபீட்பேக் விதி. ஜி3 மேலும் கீழும் அடிபட்டு:

சி/ஆர் = ஜி1·ஜி2·ஜி3 / (1 + ஜி2·ஜி3·எச்2 + ஜி1·ஜி2·எச்1)

பெரும்பாலானவர்கள் இங்கே அடிக்கோடிட்டு முடித்துவிடுவார்கள். என் வகுப்பில் முடிக்க விடமாட்டேன். எண் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஜி1 = 2, ஜி2 = 3, ஜி3 = 4, எச்1 = 1, எச்2 = 0.5 என்று வையுங்கள். மேலே 24. கீழே 1 + 6 + 6 = 13. ஆகவே ஆர் 13 என்றால் சி 24 வர வேண்டும்.

இப்போது சுருக்கிய படத்தை மூடிவிட்டு, முதலில் வரைந்த படத்துக்குப் போங்கள். சி 24 என்றால் ஜி3-க்கு முன்னால், அதாவது ‘அ’-வில், 6. எச்1 வழியாக 6 திரும்புகிறது. முதல் கூட்டுப்புள்ளி: 13 − 6 = 7. ஜி1 தாண்டியதும் 14. எச்2 வழியாக வருவது 24-இல் பாதி, 12. இரண்டாம் கூட்டுப்புள்ளி: 14 − 12 = 2. ஜி2 தாண்டியதும் 6. ‘அ’-வில் 6 தான் இருக்க வேண்டும், இருக்கிறது. கணக்கு சரி.

வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியிருந்தால், அதாவது எச்1/ஜி3 என்பதை எச்1·ஜி3 என்று போட்டிருந்தால், கீழே 1 + 6 + 96 = 103 வந்திருக்கும். இந்தச் சோதனையில் அது அரை நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். எண்களை 1 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். 1-ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒன்றுதான், தப்பு மறைந்துகொள்ளும்.

‘அ’-வை நகர்த்தாமல் வேறு வழியில் போட்டால் விடை மாறுமா?

மாறாது, மாறினால் எங்கோ தப்பு. இரண்டாம் கூட்டுப்புள்ளியை ஜி1-க்கு முன்னால் கொண்டுவந்து பாருங்கள். எச்2 இப்போது எச்2/ஜி1 ஆகும். இரண்டு கூட்டுப்புள்ளிகள் அடுத்தடுத்து வந்துவிட்டன. நடுவே கிளை எதுவும் இல்லாததால் அவற்றை இடம் மாற்றிக்கொள்ளலாம், கூட்டலில் எது முன்னால் எது பின்னால் என்று இல்லையே. எச்1 லூப் உள்ளே போய்விடும், எச்2 லூப் வெளியே. அதே விடை வரும்.

எங்கிருந்து தொடங்குவது?

உள்லூப்பிலிருந்து வெளியே. ஏறிக் கிடக்கும் லூப் இருந்தால் முதலில் அதை அவிழ்க்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு படம் வரையுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு படியை ஒரே படத்தில் அடைத்தவர்கள்தான் அரியர் வைத்தவர்கள்.

கூட்டுப்புள்ளியைத் தாண்டிக் கிளைப்புள்ளியை நகர்த்தலாமா?

செய்யலாம், ஆனால் வேண்டாம். கூட்டுப்புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் வேறு, பின்னால் இருக்கும் எண் வேறு. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் கிளையில் இன்னொரு கூட்டுப்புள்ளி போட வேண்டும். படம் சுருங்குவதற்குப் பதில் வளரும். வேறு வழி எதுவும் இல்லாதபோது மட்டும்.

இரண்டு உள்ளீடு இருந்தால் என்ன செய்வது?

ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்று, பிறகு மாற்றி, கடைசியில் கூட்டல். வாய்க்காலில் ஒரு நீர்மட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேண்டிய மட்டம் ஆர். ஷட்டரை ஏற்றி இறக்கும் பகுதி ஜி1. வாய்க்கால் ஜி2. அளந்து சொல்வது எச். இதற்கு நடுவே சொல்லாமல் கொள்ளாமல் மழை வருகிறது. அது ஜி1-க்கும் ஜி2-க்கும் நடுவில் ஒரு கூட்டுப்புள்ளியில் சேர்கிறது.

மழையால் மட்டம் எவ்வளவு மாறும் என்று தெரிய ஆர்-ஐப் பூஜ்யம் ஆக்குங்கள். இங்கேதான் வழுக்குகிறது. ஆர் இல்லை என்பதால் முதல் கூட்டுப்புள்ளியையே அழித்துவிடுகிறார்கள், அதோடு மைனஸ் குறியும் போய்விடுகிறது. ஆர் போனாலும் எச் வழியாக வருவது அங்கே மைனஸ் ஆகத்தான் போகிறது. அந்த இடத்தில் −1 என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால் மறக்காது. மழையின் முன்பாதை ஜி2 மட்டும், திரும்பும் பாதை எச்·ஜி1. ஆகவே:

சி/மழை = ஜி2 / (1 + ஜி1·ஜி2·எச்)

ஜி1 = 9, ஜி2 = 1, எச் = 1 என்றால் மழையின் பாதிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஃபீட்பேக் எதற்கு என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால் இதையே எழுதலாம். சி/ஆர் எழுதினாலும் கீழே இதே 1 + ஜி1·ஜி2·எச் தான் வரும். இரண்டில் கீழ்ப்பகுதி வேறு வேறாக வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

தொடராக இருக்கும் இரண்டு பொருள்களை எப்போதும் பெருக்கிவிடலாமா?

படத்தில் இருக்கும் கட்டங்களை எப்போதும் பெருக்கலாம். உண்மையான பொருள்களைப் பெருக்கலாமா என்பது வேறு கேள்வி. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது கட்டம் போடும்போதே நாம் ஒத்துக்கொள்ளும் நிபந்தனை. அம்புக்குறிக்கு ஒரே திசைதான்.

ஒரே மாதிரியான இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டியின் குழாயிலிருந்து தண்ணீர் அந்தரத்தில் விழுந்து கீழ்த் தொட்டியில் சேர்கிறது. கீழே எவ்வளவு நிரம்பினாலும் மேலே தெரியாது. ஒவ்வொன்றும் டி என்ற நேர மாறிலி (மட்டம் எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதன் அளவு) கொண்டதாக இருந்தால், கீழ்ப்பகுதி (டி·எஸ் + 1)-இன் வர்க்கம், விரித்தால் டி²·எஸ்² + 2·டி·எஸ் + 1.

அதே இரண்டு தொட்டிகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்குழாயால் இணைத்துவிடுங்கள். இரண்டாவதில் மட்டம் ஏறினால் முதலாவதிலிருந்து வருவது குறையும். இப்போது சமன்பாடு எழுதினால் நடுவில் 2-க்குப் பதில் 3 வரும்: டி²·எஸ்² + 3·டி·எஸ் + 1. ஒரு எண் தானே என்று விட முடியாது. மந்தமான பகுதியின் நேர மாறிலி டி-யிலிருந்து ஏறக்குறைய 2.62 மடங்காகிவிடுகிறது. ஒரே மாதிரியான இரண்டு ஆர்சி சர்க்யூட்டுகளை (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தவை) நேராக ஒட்டினாலும் இதே 3 தான் வரும். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைத் தொந்தரவு செய்யாமல் தடுக்க நடுவில் ஒரு பஃபர் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் 2-க்குத் திரும்பும். லேபில் போட்டுப் பாருங்கள்.

கடைமடைக்காரர்களுக்கு இது புரிய வேண்டிய விதம் வேறு. நம் மண் சமதளம். கடல் பக்கம் போகப் போக வாய்க்காலில் சரிவே தெரியாது. கீழே வடியாமல் தேங்கினால் மேலே உள்ள மட்டமும் ஏறிவிடும். தலைஞாயிறு பக்கத்துப் பையன் ஒருவன் ‘எங்க ஊர்ல கீழே இருக்கிறதுதான் சார் மேலே இருக்கிறதைத் தீர்மானிக்கும்’ என்றான். அப்படிப்பட்ட இரண்டு நீளங்களைத் தனித்தனிக் கட்டமாக்கிப் பெருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சமன்பாடு எழுத வேண்டும், அல்லது பின்னாலிருந்து முன்னால் ஒரு ஃபீட்பேக் கோடு போட்டு அந்தத் தொந்தரவையும் படத்தில் காட்ட வேண்டும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் வர நாளாகிறதே, அந்தத் தாமதத்தை எப்படி வரைவது?

வழக்கமான நாள் ஜூன் 12. அன்று மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். கடைமடைக்கு அதற்கும் மேல். இந்தச் சுத்தமான தாமதத்துக்கு ஒரு கட்டம் உண்டு: அடுக்குச் சார்பு, அதாவது e-இன் அடுக்கில் −டி·எஸ். இங்கே டி என்பது தாமதம், 3 நாள். உள்ளே போனது அப்படியே, மூன்று நாள் கழித்து வெளியே வரும். (உண்மை ஆற்றில் தண்ணீர் வழியில் பரவி, ஊறி, மழுங்கித்தான் வரும். பாடத்துக்கு இது போதும்.)

சுருக்கும் விதிகள் எல்லாம் இந்தக் கட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அதைச் சுற்றி ஃபீட்பேக் போட்டதும் கீழ்ப்பகுதியில் அடுக்குச் சார்பு உட்கார்ந்துகொள்ளும், பல்லுறுப்புக் கோவையாக இராது. அமைப்பு நிலையானதா என்று பார்க்கும் ரூத் அட்டவணை அங்கே வேலை செய்யாது. அதற்காகத்தான் தாமதத்தைப் பின்னமாக எழுதும் பாடே தோராயம். முதல் படியில் (1 − 1.5·எஸ்) / (1 + 1.5·எஸ்), நாள் கணக்கில். மேலே இருக்கும் மைனஸைக் கவனியுங்கள், எஸ் தளத்தின் வலப்பாதியில் (பிளஸ் பக்கம்) ஒரு ஜீரோ, அதாவது மேல்பகுதியைப் பூஜ்யமாக்கும் எஸ் மதிப்பு. தாமதம் ஏன் லூப்பை ஆட்டம் காண வைக்கிறது என்பதன் வேர் அதில் இருக்கிறது. கல்லணை மட்டத்தை மட்டும் பார்த்து மேட்டூர் ஷட்டரை ஒருவர் இயக்கினால் என்ன ஆகும்? இன்று குறைவு என்று திறப்பார், நாளையும் குறைவு என்று இன்னும் திறப்பார், மூன்று நாள் கழித்து, திறந்தது எல்லாம் தேவைக்கு மேல் வந்து சேரத் தொடங்கும்.

மேசன் ஃபார்முலா இருக்கும்போது இந்த வேலை எதற்கு?

அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த சாமுவேல் மேசன் 1953-இல் இதே சமன்பாடுகளைப் புள்ளிகளும் அம்புகளுமாக வரையும் சிக்னல் ஃப்ளோ கிராஃப் முறையையும் 1956-இல் அதன் பொதுச் சூத்திரத்தையும் வெளியிட்டார். எதையும் நகர்த்த வேண்டாம். ஆர்-இலிருந்து சி-க்குப் போகும் முன்பாதைகளை எண்ணு, லூப்புகளை எண்ணு, ஒன்றையொன்று தொடாத லூப்புகளைக் கண்டுபிடி, போடு. நம் கணக்கில் முன்பாதை ஒன்று, லூப் இரண்டு, இரண்டும் ஜி2-இல் தொட்டுக்கொள்கின்றன. ஆகவே கீழே 1 + முதல் லூப் + இரண்டாம் லூப், அவ்வளவுதான். தொடாமல் இருந்திருந்தால் இரண்டின் பெருக்கற்பலனும் சேர்ந்திருக்கும்.

லூப் மூன்றுக்கு மேல் போனால் நான் மேசன் பக்கம்தான். ஆனால் ஒரு லூப்பை எண்ண விட்டுவிட்டால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பதிமூன்று மதிப்பெண் கேள்வியில் சுருக்கும் முறையைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றால் அதில் போட்டுவிட்டு, ஓரத்தில் மேசனால் சரிபாருங்கள்.

கணக்கு மென்பொருளான மேட்லேபில் போட்டால் ஒரு வரியில் வந்துவிடாதா?

வந்துவிடும். காசு இல்லாதவர்கள் அதே மாதிரியான சைலேப் இறக்கிக்கொள்ளலாம், இலவசம். ஒரு எச்சரிக்கை: ஃபீட்பேக் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஜி / (1 + ஜி·எச்) என்று நீங்களே தட்டினால் மேட்லேப் அடிபட வேண்டியதை அடிக்காமல் வைத்து, தேவைக்கு மேற்பட்ட படியுள்ள விடையைத் தரும். மின்ரியல் என்ற கட்டளை போட்டால்தான் சுருங்கும்.

ஃபீட்பேக்கை முதலில் யோசித்தவர் யார்?

ஒருவர் என்று சொல்ல முடியாது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுழலும் குண்டு கவர்னர் 1788-இலேயே வந்துவிட்டது. அதன் கணிதத்தை மேக்ஸ்வெல் 1868-இல் எழுதினார். எதிர்மறை ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபயர், பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக்குக்கு 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குப் போகும் படகில் தோன்றியது. கையில் இருந்த செய்தித்தாளில் வரைந்து வைத்தாராம்.

சுருக்கிக் கிடைத்த ஒற்றைக் கட்டத்தில் எல்லா விவரமும் இருக்கிறதா?

இல்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள உறவு மட்டும்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது மறைந்துவிட்டது. ஆரம்ப நிலையும் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஜி1 = (எஸ் − 1)/(எஸ் + 2), ஜி2 = 1/(எஸ் − 1) என்று இரண்டு கட்டங்கள் தொடராக இருந்தால், பெருக்கினால் 1/(எஸ் + 2). பார்க்க அமைதியான அமைப்பு. ஆனால் ஜி2-க்குள் ஒரு சிறு மதிப்பு எப்படியோ நுழைந்துவிட்டால், அது ஏறக்குறைய 0.7 வினாடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். சுருக்கிய கட்டத்தில் அதன் வாசனைகூட இல்லை. வலப்பாதியில் இருக்கும் போலை (கீழ்ப்பகுதியைப் பூஜ்யமாக்கும் எஸ் மதிப்பை) ஜீரோவால் அடிக்கும்போது ‘அடிச்சாச்சு’ என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

ஷட்டர் முழுதாக ஏறிவிட்டால் அதற்கு மேல் ஏறாது. மோட்டார் ஓடும் அல்லது நிற்கும், நடுநிலை கிடையாது. இப்படிப்பட்டவற்றையும் கட்டமாக வரைவார்கள். வரையலாம், சுருக்க முடியாது. பெருக்கல், கூட்டல் எல்லாம் நேரியல் அமைப்புக்கு (உள்ளே இரண்டு மடங்கு கொடுத்தால் வெளியேயும் இரண்டு மடங்கு வருவதற்கு) மட்டும்.

என் விடை புத்தக விடையோடு ஒத்துப்போகவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் கூட்டுப்புள்ளிக் குறிகள். அடுத்து நகர்த்திய இடத்தில் போட்ட ஈட்டுக்கட்டம். அதற்கடுத்து, கிளை எடுத்த இடம் கட்டத்துக்கு முன்னாலா பின்னாலா என்று படத்தையே மறுபடி பார்ப்பது. அச்சில் அந்தப் புள்ளி பல நேரம் நகர்ந்து கிடக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் 2, 3, 4 என்று எண்களைப் போட்டு முதல் படத்தில் நடந்து பாருங்கள். போன ஆண்டு ஒரு மாணவி இப்படித்தான் நடந்துவிட்டு வந்து, ‘சார், புத்தகத்துல போட்டிருக்கிறது நடக்க மாட்டேங்குது’ என்றாள். நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில்தான் ஒரு மைனஸ் விடுபட்டிருந்தது. பத்து ஆண்டுகளாக அந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன்.